“நான் என்ன தப்பு பண்ணினேன்?”

முதல் செஷன் தொடங்கி நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, மந்திரவாதி செத்துப்போனான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில்தான். ஆளுக்கு ஒரு கேரக்டரை ஆடுவார்கள், கேம் மாஸ்டரான நான் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவேன், பட்டதா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். ஒரு நாள் ஆட்டம் ஒரு செஷன், பல செஷன் நீளும் கதை ஒரு கேம்பெய்ன்.

அந்தக் கேரக்டரை ஆடிய நண்பன் ஒரு வாரமாக உட்கார்ந்து அவனுக்குக் கதை எழுதியிருந்தான். மூன்று பக்கம். குருவோடு என்ன சண்டை, ஊரை விட்டு ஏன் கிளம்பினான், தங்கையிடம் என்ன சொல்லிவிட்டு வந்தான், எல்லாம் அதில் இருந்தது. நான் படித்துவிட்டு “பிரமாதம்” என்றேன். அப்புறம் காட்டுப் பாதையில் நாலு கோப்லின்களை, அதாவது குட்டிப் பூதங்களை, புதருக்குள் உட்கார வைத்தேன். கோப்லின்கள் ஒளிந்திருப்பது யாருக்காவது தெரிகிறதா என்று நானே மனசுக்குள் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை. “திடீரென்று அம்புகள் பாய்கின்றன” என்று அறிவித்தேன். நாலு அம்பும் மந்திரவாதியை நோக்கி. முன்னால் நடந்தது அவன்தான், அதனால்.

இரண்டு அம்பு பட்டது. 13 சேதம். அவனிடம் இருந்த ஹிட் பாயிண்ட், அதாவது உயிர் எண், 8. விழுந்தான். அவன் முறை வந்தபோது மரணச் சோதனைக்கு உருட்டினான்: 6. ஒரு தோல்வி, மூன்று ஆனால் சாவு. மற்றவர்கள் எதிர்பாராமல் தாக்கப்பட்டதால் அந்தச் சுற்றில் அவர்களுக்கு முறையே கிடையாது. அடுத்த சுற்றிலும் கோப்லின்களே முதலில். அதில் ஒன்று ஓடி வந்து கீழே கிடந்தவனைக் குத்தியது. மயங்கிக் கிடப்பவனைப் பக்கத்தில் நின்று தாக்கிப் பட்டுவிட்டால் அது கிரிட்டிகல், அதாவது பெரும் அடி, இரண்டு தோல்விக்குச் சமம். மொத்தம் மூன்று ஆயிற்று. காயத்தை ஆற்றத் தெரிந்த பூசாரி ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. விதிப்புத்தகத்தின் ஒரு வரியைக்கூட நான் மீறவில்லை.

நண்பன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “ஒண்ணும் பண்ணல, பகடை அப்படி விழுந்துருச்சு” என்றேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னொருவர். மூன்றாவது செஷனோடு அந்தக் கேம்பெய்ன் முடிந்தது.

பகடை அப்படி விழுந்ததா என்று ரொம்ப நாள் கழித்துத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் ஆடியது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் கோப்லின் தாக்கும்போது பகடையோடு 4 கூட்டிக்கொள்ளும். மந்திரவாதியின் கவச எண் 13. அதாவது இருபது பக்கப் பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பட்டுவிடும், நூற்றுக்கு 60. நாலு அம்பில் குறைந்தது இரண்டு படுவதற்கு நூற்றுக்கு 82. ஒரு அம்பின் சராசரி சேதம் 5.5, இரண்டுக்கு 11. அவனிடம் இருந்தது 8. ஒளிந்திருந்து எய்பவருக்கு விதி தரும் சலுகையைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. பகடை மேல் பழி போட்டுவிட்டேன். உண்மையில் அவனைக் கொல்வதற்கு எல்லா ஏற்பாட்டையும் நான் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருக்கிறேன். பகடை வெறும் கையெழுத்துப் போட்டது.

இரண்டாவது குழு கிடைத்தபோது எதிர்ப்பக்கம் போய்விட்டேன். இனி யாரும் சாகக் கூடாது. கேம் மாஸ்டர் ஸ்கிரீன் என்ற அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டுவேன். பெரிய அடி விழுந்தால் சின்னதாகச் சொல்வேன், கிரிட்டிகல் விழுந்தால் “மயிரிழையில் தப்பியது” என்பேன். கொஞ்ச நாள் எல்லோரும் சந்தோஷமாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. பதினோராவது செஷனில் ஒரு ஓகரோடு, அதாவது ஆள் தின்னும் ராட்சதனோடு, சண்டை. திருடி கேரக்டரை ஆடிய தோழி, மறைந்துகொள்ள இடம் இருந்தும், நேராக அதன் முன்னால் போய் நின்றாள். நான் உருட்டிய பகடை ஸ்கிரீனில் பட்டுத் தெறித்து மேஜையிலிருந்து உருண்டு அவள் காலடியில் விழுந்தது. “படவில்லை” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவள் குனிந்து பார்த்தாள். 20. கிரிட்டிகல். எதுவும் பேசாமல் எடுத்து மேஜையில் வைத்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும், “அப்ப இதுக்கு முன்னாடி நாங்க ஜெயிச்சதெல்லாம்?” என்று கேட்டாள்.

இதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. முதல் குழு தோற்றதற்கு அவர்கள் காரணமில்லை, இரண்டாவது குழு ஜெயித்ததற்கும் அவர்கள் காரணமில்லை. இரண்டு இடத்திலும் முடிவு எடுத்தவன் நான் ஒருத்தன்தான். இது புரிந்த பிறகுதான் மூன்றாவது கேம்பெய்னுக்கு வேறு மாதிரி தயாரானேன். ஒவ்வொரு சண்டையையும், பொறியையும், பேயையும் எழுதி முடித்ததும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவேன்: இதில் ஒருத்தர் செத்தால், அதற்கு முன் அவர் தெரிந்தே எடுத்த முடிவு எது? ‘கதவைத் திறந்தார்’, ‘பாதையில் நடந்தார்’ என்பதெல்லாம் முடிவு ஆகாது. கதவைத் திறக்காமல் யாரும் ஆட முடியாது. ‘உள்ளே புகை வருகிறது என்று தெரிந்தும் திறந்தார்’ என்றால் சரி. பதில் கிடைக்காத பக்கத்தைத் திருத்துவேன், இல்லையென்றால் கிழிப்பேன்.

மூன்றாவது குழுவில் நாலு பேர். பழைய மந்திரவாதி நண்பனைக் கெஞ்சிக் கூப்பிட்டேன், வந்தான். திருடியும் வந்தாள். முதல் நாள் ஆடவே இல்லை, பேசினோம். இது கடினமான கேம்பெய்ன், உங்களால் ஜெயிக்கவே முடியாத எதிரிகள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள், அவர்கள் உங்கள் லெவலைப் பார்த்து வரமாட்டார்கள் என்றேன். பகடை எல்லாமே மேஜை நடுவில், எல்லோர் கண் முன்னாலும். ஸ்கிரீன் கிடையாது. கேரக்டர் செத்தால் எத்தனை நாள் சும்மா உட்காரணும், புதிய கேரக்டர் எந்த லெவலில் வரும் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்தோம்: செத்தவர் அடுத்த காட்சியிலேயே, அதே லெவலில். செத்ததற்கு மேல் ஒரு தண்டனை எதற்கு? பூசாரியை ஆடியவர் குழந்தைகள் சாகும் காட்சி வேண்டாம் என்றார். சரி என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

முதலில் மாற்றியது நான் பேசுகிற விதத்தை. ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் விறுவிறுப்பு போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் தலைக்குள் அந்த நடைபாதை முழுசாக இருக்கிறது: நசுக்கும் கல், அதன் சங்கிலி, அது விழும் சத்தம். ஆடுபவர்களுக்குக் கிடைப்பதோ நான் சொல்லும் நாலு வாக்கியம். அதிலும் ஒன்றின்போது யாராவது தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஆளைக் கொல்லக்கூடிய எதையும் மூன்று தடவை, மூன்று விதமாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். நசுக்கும் கல் இருக்கும் பாதையில் தரையில் அப்பளம் மாதிரி தட்டையான எலும்புகள். சுவரின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகத் தேய்ந்த கோடுகள். தூரத்தில் சங்கிலி ஆடும் சத்தம். இவ்வளவு சொன்னால் பொறியை அப்பட்டமாகக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தேன். நடந்தது என்ன? நாலு பேரும் கால் மணி நேரம் விவாதித்து, அது ஏதோ ராட்சதப் புழு என்று முடிவு செய்து, புழுவுக்குப் பொறி வைத்தார்கள். எனக்குக் கூச்சலாகக் கேட்பது அவர்கள் காதில் முணுமுணுப்பாகத்தான் விழுகிறது.

இந்த இடத்தில் பழைய ஆட்டக்காரர்கள் ஒரு பேரைச் சொல்வார்கள்: டூம் ஆஃப் ஹாரர்ஸ். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக அமைத்த கல்லறை அது. 1978இல் அச்சில் வந்தது. அதில் பச்சை நிறத்தில் ஒரு பேய் முகம், வாய் திறந்திருக்கும், உள்ளே முழு இருட்டு. அந்த வாய்க்குள் நுழைந்தவர் இல்லாமல் போய்விடுவார், பகடைகூட இல்லை. “அவரே அப்படிச் செய்தார், நீ என்ன பயப்படுகிறாய்” என்று எனக்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார். போட்டிக்கு அது பொருந்தும். கையில் கொடுத்த கேரக்டர், சில மணி நேர ஆட்டம், யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு வருஷமாக வளர்த்த கேரக்டரை அதே வாயில் போடுவது வேறு விஷயம். இன்னொன்று, அந்த வாயிலும்கூடக் கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தவர் தப்பித்தார்.

இரண்டாவது மாற்றம், உருட்டுவதற்கு முன்பே விலையைச் சொல்வது. வீராங்கனை ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிறேன் என்றாள். முன்பெல்லாம் “உருட்டு” என்று மட்டும் சொல்வேன். இப்போது: “ஆழம் அறுபது அடி. தவறினால் ஆறு பகடை சேதம், சராசரி 21. உன்கிட்ட இருக்கறது 19. 12 விழுந்தா தாண்டிடுவே. குதிக்கிறியா?” அவள் அந்த உலகத்திலேயே பிறந்து வளர்ந்தவள், பள்ளத்தைக் கண்ணால் பார்க்கிறாள், ஆழம் அவளுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புவது கேம் மாஸ்டரின் வேலை, சலுகை இல்லை. இப்படிச் சொன்னால் பயந்துகொண்டு யாரும் எதுவும் செய்யமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். கயிறு கட்டுவார்கள், முதுகுப் பையை முதலில் தூக்கி எறிவார்கள், பூசாரி ஒரு ஆசீர்வாதம் போடுவார், அப்புறம் குதிப்பார்கள். எண்ணைச் சொன்ன பிறகுதான் அந்தப் பள்ளம் அவர்களுக்குப் பள்ளமாகத் தெரிந்தது.

எண் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலரும் கவனிக்காதது. காவலர்களைத் தாண்டிப் பதுங்கிப் போகிறோம் என்று நாலு பேர் சொன்னால், நான் நாலு பேரையும் உருட்டச் சொல்வேன், ஒருவர் தவறினாலும் மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 70 வாய்ப்பு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாலு பேரும் சேர்ந்து தேறுவதற்கு நூற்றுக்கு 24. அதனால்தான் என் பழைய குழுக்கள் பதுங்குவதையே விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் கத்தியை உருவின. அவர்களுக்கு மூளையில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! பாதிப் பேர் தேறினால் குழுவே தேறியது என்று ஐந்தாம் பதிப்பிலேயே ஒரு குழுச் சோதனை விதி இருக்கிறது. அதன்படி அதே நாலு பேருக்கு நூற்றுக்கு 92. ஒரு விதியைப் படிக்காமல் விட்டதற்கு எத்தனை கேரக்டர்கள் பலியாகியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

ஒரே உருட்டலில் ஆளை வீழ்த்தும் விஷயங்களுக்கும் இதே கணக்கு. தவற வாய்ப்பு பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். இருபது தடவை அதைச் சந்தித்தால், ஒரு தடவையும் தவறாமல் இருப்பதற்கு நூற்றுக்கு 12 தான். நீண்ட கேம்பெய்னில் சின்ன ஆபத்து என்று ஒன்று கிடையாது.

இதை நினைத்துத்தான் பான்ஷீ காட்சியைத் திரும்ப எழுதினேன். பான்ஷீ என்பது ஓலமிடும் பெண் பேய். முப்பது அடிக்குள் அந்த ஓலத்தைக் கேட்பவர் எல்லோரும் சோதனை உருட்டணும், 13 எட்டணும். எட்டாதவர் எத்தனை ஹிட் பாயிண்ட் வைத்திருந்தாலும் நேராக 0. எங்கள் மந்திரவாதிக்குக் கூட்டிக்கொள்ள 1 தான், அதாவது பாதிக்கு மேல் அவன் விழுவான். வழக்கம்போல இடிந்த கோபுரத்தில் ஏறியதும் ஓலம் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் என் கேள்வி: எந்த முடிவு? பதில் இல்லை.

பேயின் எண்களில் கை வைக்கவில்லை, ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. கோபுரத்துக்குக் கீழே ஒரு ஊரை வைத்தேன். அங்கே ராத்திரி கோபுரப் பக்கம் ஆடு தேடிப் போனவர்கள் எல்லோரும் காயமே இல்லாமல் செத்துக் கிடந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் போய்விட்டுச் சாதாரணமாகத் திரும்பி வந்திருக்கிறார். கேரக்டர்கள் அவரிடம் பேசப் போனார்கள். எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் வேண்டுமென்றே அவரைக் கோமாளி மாதிரி பேச வைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பூசாரி மெதுவாக, “இவருக்குக் காது கேக்காது” என்றார். மேஜை ஒரு கணம் அமைதியானது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

காதில் மெழுகு அடைத்துக்கொண்டு போவதாகத் திட்டம். தாராளமாகப் போகலாம் என்றேன், ஆனால் மெழுகு அடைத்தவர்கள் இங்கே மேஜையிலும் பேசக் கூடாது, சைகை மட்டும்தான். அடுத்த முக்கால் மணி நேரம்போல ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன் நடத்தியதே இல்லை. பின்னால் வா என்று வீராங்கனை கை காட்டியதை மந்திரவாதி பின்வாங்கு என்று புரிந்துகொண்டு மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டான். திருடி தனியாக மாட்டிக்கொண்டாள். கத்தி உதவி கேட்க முடியாது. மெழுகை எடுத்துவிட்டுக் கேட்கலாமா என்று அவள் காதருகே விரல் வைத்து யோசித்த அந்தச் சில விநாடி, அதுதான் நான் சொன்ன முடிவு. எடுக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை, இரண்டு பேர் ஒற்றை இலக்க ஹிட் பாயிண்ட்டோடு இறங்கி வந்தார்கள். முழு வெயிலில் பான்ஷீயால் ஓலமிடவே முடியாது, பகலில் போயிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். ஊரில் செத்தவர்கள் எல்லோரும் ராத்திரியில்தான் செத்தார்கள் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவருக்கு அது உறைத்து, நடுராத்திரி போன் செய்து என்னைத் திட்டினார்.

எதிரிகளைப் பற்றியும் கொஞ்சம். என் பழைய கோப்லின்கள் கடைசி ஆள் வரை நின்று சண்டை போட்டுச் செத்தன. எதற்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது. 1981இல் வந்த பழைய பேசிக் பதிப்பில் இதற்கு அழகான ஒரு விதி இருக்கிறது: எதிரிக்கு ஒரு தைரிய எண். கூட்டத்தில் முதல் ஆள் செத்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு தடவை, இரண்டு ஆறுபக்கப் பகடை உருட்டு. கூட்டுத்தொகை தைரிய எண்ணைத் தாண்டினால் ஓடிவிடும் அல்லது சரணடையும். எண் 7 என்றால் ஒவ்வொரு தடவையும் 36இல் 15 வாய்ப்பு. அதை அப்படியே எடுத்து எங்கள் ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டேன். நீண்டு இழுக்கும் சண்டைகள் பாதியில் முடிய ஆரம்பித்தன. ஒரு சண்டையில் வீராங்கனை ஒரு கோப்லினின் காதை வெட்டினாள், அது சோதனையில் தவறி ஓடிப்போனது. நாலு செஷன் கழித்து இன்னொரு கும்பலோடு திரும்பி வந்தபோது இவர்களை அடையாளம் கண்டுகொண்டு, ஆயுதத்தைக் கீழே போட்டது. மூளிக்காதன் என்று பேர் வைத்தார்கள். அதற்கப்புறம் அவன்தான் வழிகாட்டி. அவன் செத்துவிடக் கூடாது என்று இவர்கள் பட்ட பாடு, தங்கள் கேரக்டருக்குக்கூட அவ்வளவு பட்டதில்லை.

எதிரிகள் ஓடலாம் என்றால் இவர்களும் ஓடலாம். ஆனால் ஐந்தாம் பதிப்பின் சண்டை விதிகளுக்குள் ஓடுவது தற்கொலை. பெரும்பாலோர் ஒரு முறையில் முப்பது அடி, துரத்துபவரும் முப்பது அடி, திரும்பி ஓடினாலே முதுகில் ஒரு அடி. “ஓடியிருக்கலாமே” என்று பிறகு சொல்வது எளிது. நான் ஒரு வீட்டு விதி வைத்தேன். எல்லோரும் சேர்ந்து “ஓடுறோம்” என்று சொன்னால் அந்தக் கணமே சண்டை நின்றுவிடும். எதையாவது விட்டுவிட்டு ஓடணும்: தீப்பந்தம், புதையல் மூட்டை, கழுதை, எது என்று அவர்களே சொல்லலாம். என்ன விட்டார்களோ அதன் மதிப்பைப் பொறுத்து ஒரே ஒரு துரத்தல் சோதனை. கேம்பெய்ன் முழுக்க ஐந்து தடவை ஓடினார்கள். தப்பித்தவர்கள் அடுத்த தடவை திட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள், அந்தத் திட்டம் போடும் செஷன்கள்தான் எனக்குப் பிடித்தவை.

கீழே விழுந்தவரை என்ன செய்வது என்பதையும் எதிரிக்கு எதிரி முன்பே எழுதி வைத்தேன், ஆடுபவர்களுக்கும் குறிப்புக் கொடுத்தேன். கொள்ளைக்காரன் பிணைக்கைதி பிடிப்பான், செத்தவனுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? ஓநாய் விழுந்தவரை இழுத்துக்கொண்டு போகும், துரத்த நேரம் கிடைக்கும். ஓகருக்குப் பசித்தால் அங்கேயே தின்னும். யாரும் உதவாவிட்டாலும் விழுந்தவர் மரணச் சோதனைகளைத் தானே தாண்டிப் பிழைப்பதற்குப் பத்தில் ஆறு வாய்ப்பு, விதியே அவ்வளவு இரக்கம் காட்டுகிறது. அதைக் கெடுப்பது கீழே கிடப்பவரை இன்னும் ஒரு தடவை குத்துவதுதான். என் முதல் கோப்லின் செய்தது அதை.

இவ்வளவு எழுதிவிட்டு நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். ஐந்தாவது லெவலில் ஒரு நிலவறை. நிழல் பேய்கள் மூன்று. அவை தொட்டால் ஹிட் பாயிண்ட்டோடு வலிமை எண்ணும் குறையும். “வலிமையில 3 குறைச்சுக்கோ” என்று மந்திரவாதியிடம் சொன்னேன். அடுத்த அடியில் இன்னும் 3. அவனுக்கு வலிமை எப்போதும் வேண்டாத எண், 8 தான் வைத்திருந்தான், கவலைப்படாமல் குறித்துக்கொண்டான். மூன்றாவது அடியில் 2. வலிமை 0. “செத்துட்டே” என்றேன். அவன் தாளில் ஹிட் பாயிண்ட் இன்னும் 5 மிச்சம் இருந்தது. வலிமை 0 ஆனால் சாவு, மரணச் சோதனைகூடக் கிடையாது என்பது விதி. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பூசாரி போன முறையில்தான் வீராங்கனைக்குச் சிகிச்சை செய்துவிட்டு, “உனக்கு இன்னும் தாங்கும்ல?” என்று இவனைக் கேட்டிருந்தார்.

அதே நண்பன். அதே பார்வை. இந்தத் தடவை அவன் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்: “நீ ஒண்ணும் பண்ணல, நான்தான் சொல்லாம விட்டுட்டேன்.” இரண்டாவது அடிக்குப் பிறகு, மூன்றாவதுக்கு முன்னால் இருந்த இடத்துக்கே திரும்பிப் போகலாம், 0 ஆனால் சாவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும் என்றேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள். வீராங்கனைக்கு அது பிடிக்கவில்லை. விழுந்தது விழுந்ததுதான், இன்றைக்குப் பின்னால் போனால் நாளைக்கும் போகச் சொல்வோம் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இதை ஒரே தடவைதான் செய்வேன், அதுவும் தவறு என்னுடையது என்பதால்தான் என்று சொல்லிப் பின்னால் போனோம். மந்திரவாதி மூட்டையைப் போட்டுவிட்டு “ஓடுறோம்” என்று கத்தினான். இப்போதும் அந்த முடிவு சரியா என்று எனக்குள் ஒரு ஓரத்தில் உறுத்தல் உண்டு. ஆனால் அன்றிலிருந்து ஹிட் பாயிண்ட் தவிர வேறு எந்த எண்ணைக் குறைத்தாலும், அது 0 ஆனால் என்ன ஆகும் என்பதை முதல் அடியிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் ஏழெட்டு செஷன் கழித்துத் திருடி செத்தாள்.

ஒரு குகையில் ஓகர். எல்லோரும் ஏற்கெனவே அடிபட்டிருந்தார்கள், ஓடுகிறோம் என்றார்கள். விட்டது ஒரு மூட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை. வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது திருடி, “நான் மட்டும் போய் எடுத்துட்டு வந்துடறேன்” என்றாள். மற்ற மூவரும் வேண்டாம் என்றார்கள். மூளிக்காதன் வேண்டாம் என்றான். நான் சொன்னேன்: “ஓகர் விழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. மூட்டை அதுகிட்டேருந்து இருபது அடி. உன்கிட்ட 17 இருக்கு. அது ஒரு தடவை அடிச்சா சராசரி 13. விழுந்தா தூக்கிட்டு வர யாரும் பக்கத்துல இல்ல. அதுக்குப் பசி.”

“இருபது அடிதானே” என்றாள்.

பதுங்கிப் போனதில் தேறிவிட்டாள். மூட்டையைத் தூக்கும்போது அது கலகலத்தது. ஓகருக்காக நான் மேஜை நடுவில் உருட்டினேன். பகடை மெதுவாகச் சுற்றி அவள் தாளின் ஓரத்தில் போய் நின்றது. 20. கிரிட்டிகலுக்கு எட்டுபக்கப் பகடை நாலு, கூட்ட 4. மொத்தம் 29.

யாரும் பேசவில்லை. அவள் அந்த 20ஐக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. ஓகர் என்ன செய்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் புதுத் தாள் ஒன்றை இழுத்துப் பேர் எழுதிக்கொண்டிருந்தாள்.

மற்ற மூவரும் பகலில் திட்டம் போட்டுத் திரும்பிப் போய் ஓகரை முடித்தார்கள். மூட்டையைத் திறந்தார்கள். உள்ளே சமையல் பாத்திரங்கள்.